கோபால் அண்ணனும் ஆறாவது டிராக்கும்

கோபால் அண்ணன் தவறிவிட்டார். காலையில் அவர் மகள் கீதாவிடமிருந்து மெசேஜ்... ஹார்ட் அட்டாக்காம்.

என் ஆல்பத்தைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பெயர்தான் தெரியாது. ஆறாவது டிராக்கில் திடீரென்று வெடிக்கும் அந்தத் தவில், அவர்தான்.

வார நாட்களில் இங்கே சிங்கப்பூரில் ஸ்கூல் பஸ் ஓட்டுவார். சனி, ஞாயிறு என்றால் கல்யாணம், கோயில்.

என் இசையில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. லேப்டாப், நாலைந்து ஒயர், கிராஞ்சியில் பதிவு செய்த லாரிச் சத்தம்... அவ்வளவுதான். உட்லண்ட்ஸ் ஸ்டூடியோவுக்கு அவரை வரவழைத்து, "அண்ணே, அடிக்க வேணாம். தோலைக் கையால தடவுனா போதும்" என்றேன்.

"தவிலைத் தடவவா இவ்ளோ தூரம் கூப்பிட்டீங்க?"

சொன்னாரே தவிர, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல அவ்வளவு மெதுவாகத் தடவினார். டேக் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியரிடம் லெவலை ஏற்றச் சொல்லி, ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினேன்.

நான் சர்ச்சில் வளர்ந்தவள். தவில்காரர் முன்னால் விரலை ஆட்டினால், தாலி கட்டுகிறார்கள், வேகமாக வாசி என்று அர்த்தம். சினிமாவில் பார்த்திருக்கிறேன்... அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரும்?

கெட்டிமேளம். முழு வேகத்தில். இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினார். எனக்கு அதிர்ச்சியில் விரலை இறக்கவே தோன்றவில்லை, அண்ணனும் நிறுத்தவில்லை.

அந்த டேக்கைத்தான் ஆல்பத்தில் வைத்தேன்.

ஆல்பம் முதலில் ஆன்லைனில் வந்தது, பிறகு ரிவ்யூக்கள் வந்தன. வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஒரு சமூகம் காலங்காலமாக அடக்கி வைத்த கோபம் அது என்று எழுதினார். கோபமாவது ஒன்றாவது... அண்ணன் மனதில் யாருக்கோ தாலி ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளூர் விமர்சகர் வேறு மாதிரி. தவில் வாசித்தவருக்கு அந்த இசை புரியவே இல்லை, நல்ல டிராக் பாழ் என்று எழுதிவிட்டார். கீதா அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

அதோடு அண்ணன் என் போனை எடுக்கவே இல்லை. ஆல்பம் வெளியீட்டுக் கச்சேரிக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது. நொறுங்கிப் போனேன். அவர் இல்லாமல் அந்த டிராக்கை மேடையில் வாசிக்க எனக்கு மனமில்லை.

ஃபேரர் பார்க்கில் பஸ்ஸை நிறுத்திவிட்டு தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்தேன்.

"நீங்க வருஷக்கணக்கா உழைச்சது மா. நான் ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, முழு ஆல்பத்துலயும் எனக்குப் பிடிச்ச இடமே அதான்."

"சும்மா சொல்லாதீங்க லா."

"கெடுத்திருந்தா வெட்டியிருக்க மாட்டேனா? வெட்ட எவ்ளோ நேரம் ஆகும்?"

கிளாஸைக் கீழே வைத்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லா வாசிச்சிருப்பேனே" என்றார்.

வெளியீட்டுக்கு வந்தார். எல்லாரும் கறுப்பு டி-ஷர்ட்டில் நிற்க, பட்டு வேட்டி, கழுத்தில் செயின், நெற்றியில் பெரிய பொட்டு... மாப்பிள்ளை மாதிரி. பிரமாதமாக வாசித்தார். முடிந்ததும் என் காதோரம் குனிந்து, "இன்னிக்கு ஒண்ணும் கெடுக்கலையே?" என்று கேட்டார்.

நான் சொன்னதை அவர் நம்பினாரா, எனக்காகத்தான் வந்தாரா... அதற்கப்புறம் எத்தனையோ முறை பார்த்தும் கேட்கத் தைரியம் வரவில்லை. அது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று மதியம் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே அவரை வைத்திருந்தார்கள். மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். ஜொகூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, நான் யார் என்று கீதாவிடம் கேட்டார்.

கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அப்பா ஆல்பம் போட்டாருல்ல அத்தை... அதுல இவங்கதான் கூட கம்ப்யூட்டர் வாசிச்சாங்க."

ஆமாம் அத்தை, நான்தான் என்றேன்.

நிம்மதியாகப் போங்கள் அண்ணே.