வாளியும் கைக்கடிகாரமும்

நெய்வேலியில் தண்ணீரை அளக்கப் போனதில் எனக்கு முதலில் கிடைத்தது கேலி. பிறகு கிடைத்தது பகை. எழுபதுகளின் பிற்பகுதி அது. குடியிருப்பு நகரின் தண்ணீர்ப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தேன். சுரங்கத்தின் அடியிலிருந்து இராப்பகலாக இறைத்துக்கொண்டிருந்த நீர் ஊர் முழுமைக்கும் போதுமானதுதான். ஆனால் மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய எங்கள் தெருவில் குழாயைத் திறந்தால் நீர் சீறிப் பாயும். குழாய் வரிசையின் கோடியில் இருந்த கடைசித் தெருவிலோ நூலாக ஒழுகும்.

கணிப்பொறி வந்திருந்த புதிது. எங்கள் பிரிவின் இளம் பொறியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொரு தெருவிலும் நீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால், எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் திறந்துவிடலாம் என்று அது பங்கிட்டுச் சொல்லிவிடும் என்றார். வீட்டுக்கு வீடு பாத்திரம் மாறுமாகையால் எல்லா இடத்துக்கும் ஒரே வாளியைக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி, என் கைக்கடிகாரம், ஒரு கட்டு அட்டை: இவ்வளவுதான் எங்கள் கருவிகள்.

கடைசித் தெருவில், சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து அண்மையில்தான் சுரங்க வேலையில் பெர்மனென்ட் ஆனவர்களின் குடும்பங்கள் இருந்தன. முதல் வீட்டுப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"போன வருசமும் வந்து எழுதிக்கினு போனாங்க. காயிதம்தான் ரொம்புது, எங்க குடம் ரொம்பல. உங்க வாளி ரொம்பறதுக்குள்ள தண்ணி நின்னுடும். அப்பறம் எங்க வூட்டுக்கு யாருங்க குடுப்பாங்க?"

வாளியில் சேரும் நீர் அவருக்கே என்று சொன்ன பிறகுதான் வழிவிட்டார். நிறையப் பதினோரு நிமிடம் ஆயிற்று. நான் எங்கே ஏமாற்றிவிடுவேனோ என்று, அவ்வளவு நேரமும் என் கடிகாரத்தை அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீரைக் குடத்தில் கவிழ்த்துக்கொண்டு, வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் தெரு பாக்கி இருந்தது. அடுத்த வீட்டு அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் இரண்டு வயது மகளைக் காலையிலிருந்து மாலை வரை அவர்தான் பார்த்துக்கொண்டார். கைம்மாறாக எதையும் எதிர்பார்த்தவரில்லை. எங்களுக்கு அங்கே உறவென்று யாருமில்லை. அவர் மறுத்தால் நான் வேலைக்குப் போக முடியாது. இராமநாதபுரத்து வறண்ட ஊரொன்றில் பிறந்தவர். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடத்தை இடுப்பில் சுமந்து வளர்ந்தவர். நீர் ஓடும் சத்தத்தைக் கேட்பதற்காகவே சில சமயம் அவர் குழாயை மூடாமல் விடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் நம் தெருவை அளக்கப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். அதுதான் என் பிழை. மறுநாள் எங்கள் தெருக் குழாய்களில் வாளி நிறைய ஏழு நிமிடம் பிடித்தது. அன்றாடம் நான் நீர் பிடிக்கும் தெரு. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது என்பது எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். தெரு முழுக்க ஒவ்வொரு தோட்டத்திலும் குழாய் திறந்துகிடந்தது. எல்லாம் ஒருசேர ஓடியதால்தான் வேகம் குறைந்திருந்தது. வாழைக்கும் கனகாம்பரத்துக்கும் பாய்ந்தது போக மிஞ்சிய நீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அவரவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"எழுதிக்க," என்றார் அக்கா. "வந்ததத்தான எழுதணும்?"

எழுதினேன். அந்த அட்டை இரண்டு நாள் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அது கணிப்பொறிக்குப் போனால் எங்களுக்கு மேலும் ஒரு மணி நேரம் கூடும், கடைசித் தெருவுக்கு இருப்பதும் குறையும். நடந்ததைப் பொறியாளரிடம் சொன்னேன். அட்டையில் இருப்பது மெய்யா பொய்யா என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் நாள், நீர் வரும் நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் வாளியோடு போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். என் மகள் அவர் இடுப்பில் இருந்தாள். ஒன்றரை நிமிடத்தில் வாளி வழிந்தது. அதைப் புது அட்டையில் குறித்தேன்.

"வேண்டாம்மா," என்றார் தணிந்த குரலில். "இந்தத் தெருவுல இருந்துக்கிட்டு இந்தத் தெருத் தண்ணியவே காட்டிக் குடுக்கப் போறியா?"

"பங்கு போடுறது மெஷின்தான் அக்கா."

"மெஷின் மேல போடாத. அதுக்கு எழுதிக் குடுக்கிறவ நீ."

அவர் சொன்னதில் தவறில்லை. என் பதிலில் இருந்த கோழைத்தனம் அக்கணமே எனக்கு உறைத்தது. என் மகளை என் கையில் கொடுத்தார். "நாளையிலருந்து இவள வேற எங்கயாச்சும் விட்டுக்க."

புது அட்டையை அப்போதுகூட நான் கிழித்திருக்கலாம். அவர் அதற்காகவே வாசலில் சற்று நேரம் நின்றார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் வாளியுமாக அலுவலகத்துக்கு நடந்தேன்.

புதிய நேரப்பட்டியல் வந்தது. எங்கள் தெருவின் மாலை நேரம் பாதியாயிற்று. கடைசித் தெருவுக்கு ஒரு மணி நேரம் கூடியது. சரியாக வருகிறதா என்று பார்க்க அங்கே போனபோது, அந்தப் பெண் நிரம்பிய குடத்தை மூடியபடி, "ஒரு மணி நேரம் ஏத்திட்டீங்க. இத்தினி வருசம் எங்கங்க போச்சு அந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தேன். கடைக்குப் போனால் தெருப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாலையில் குழாய் நின்றதும், பொதுச் சுவருக்கு அப்பாலிருந்து எனக்குக் கேட்கும்படி வாளிகள் தரையில் மோதும். இருந்தும் ஒரு மாதத்துக்குள் தெரு முழுவதும் துணி அலசிய நீரைத்தான் செடிகளுக்கு ஊற்றியது. ஒரு வாழைகூட வாடவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா அப்படி அலசிய நீரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். வேலியைப் பிடித்து நின்ற என் மகள் "பெரிம்மா" என்று கூப்பிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே நின்றார். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அக்கா குனிந்து, வாழையின் அடியில் நீரை நிதானமாக, கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். பிறகு திரும்பிப் பாராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.