பின் சீட்டுக்குக் காது கொடுத்த சவரிமுத்து சார்

சவரிமுத்து சார் வீட்டு மொட்டை மாடியில் நான் மெத்தை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மா போன் செய்தார்.

“மலரு, சார் போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே. நர்ஸம்மா வந்து எழுப்பினப்பதான் தெரிஞ்சுது.”

நான் “ம்” என்று மட்டும் சொன்னேன். கையில் இருந்த ஈர விரிப்பைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினேன். பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் மனதில் ஒன்று வந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். ‘நல்லவேளை, சாரிடம் சொல்லிவிட்டேன்’ என்பதுதான் அது.

முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கப்போகும் சிறு புத்தகத்துக்கு என்னையும் எழுதச் சொன்னார் ஸ்டெல்லா அம்மா. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. “பேசத்தானே வராது? எழுது” என்றார்.

சாரைத் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்ல வேண்டும். அவர் குவைத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்தாறு வருடம் கார் ஓட்டியவர். விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் இடையில் விருந்தாளிகளை ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஊர் திரும்பியதும், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருந்த தன் அப்பாவின் வீட்டை, கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட முடிவு செய்தார். பெரிய கோயில், வேளாங்கண்ணி, கோடியக்கரை என்று சுற்றுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்கிப் போவதற்கான வீடு. தானும் ஸ்டெல்லா அம்மாவும் பக்கத்திலேயே சின்ன வீடு ஒன்றில் இருந்துகொண்டார்கள். பிள்ளைகள் இல்லாததால் அந்த வீட்டைத்தான் இருவரும் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். சுத்தம் செய்ய என்னை வைத்துக்கொண்டார்கள்.

சார் ஒரு விசித்திரமான முறையில் வேலை செய்வார். குவைத்தில் அவர் ஒரு ஹோட்டல் அறைக்குள்கூடப் போனதில்லை. “நான் ரூமைப் பாத்ததே இல்ல மலரு. கிளம்பிப் போறவங்க பின் சீட்டுல உக்காந்து திட்டுவாங்க பாரு, அதைத்தான் கேட்டிருக்கேன். அது போதும்” என்பார். அதனால் வீட்டைத் தயார் செய்யும்போது ஒவ்வொரு அறையிலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “இப்ப பின் சீட்டு என்ன சொல்லும்?” என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்வார்.

“பாத்ரூம் கதவு கிறீச்சுங்குது, குழந்தை முழிச்சுக்கிச்சுன்னு சொல்லும். எண்ணெய் விடு.”

“தலைமாட்டுல பிளக் பாயிண்ட் இல்லன்னு சொல்லும்.”

சித்திரை வெயிலுக்கு வருகிறவர்களுக்காக வெந்நீர் ஹீட்டர் வாங்கி வந்தார். ஸ்டெல்லா அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“இந்த வெயில்ல யாருங்க வெந்நீர்ல குளிப்பா? உங்க பின் சீட்டுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா?”

“புத்தி இருந்தா அது ஏன் பின் சீட்டுல உக்காருது? வண்டிய ஓட்டாதா?” என்றார் சார்.

நீடாமங்கலம் ஸ்டேஷனிலிருந்து விருந்தாளிகளை அழைத்துவர ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்திருந்தார். அதன் பின் சீட்டில் எங்கள் யாரையும் உட்கார விடமாட்டார். ஸ்டெல்லா அம்மாவுக்கே முன் சீட்டுதான். “அது வர்றவங்க இடம்” என்பார்.

இந்த வருடம் பங்குனியில், முதல் குடும்பம் வருவதற்கு முதல் நாள், புது மெத்தைகள் நான்கையும் நல்ல வெயிலில் காயவைக்கச் சொன்னார். மாடியில் வெயில் இறங்காமலிருக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்து, இன்னும் காயாமல் இருந்தது. அதனால் நான் பக்கத்து வீட்டு நெல் களத்தில் காயவைத்தேன். அவர்கள் தாளடி நெல்லைக் காயவைத்து, மூட்டை பிடித்து, முந்தின சாயங்காலம்தான் எடுத்துப் போயிருந்தார்கள். இரண்டு முறை பெருக்கிவிட்டுத்தான் மெத்தைகளைப் போட்டேன். விரிப்புகளையும் அங்கேயே விரித்தேன்.

நெல்லின் மேலிருக்கும் நுண்ணிய முள் தூசிதான் சுணை. எவ்வளவு பெருக்கினாலும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உடம்பில் பட்டால் அரிக்கும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அறுப்புக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டேதான் சாப்பிடுவோம். அதனால் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலையில் சாரின் வீட்டு வாசலில் வந்து நின்றது. சின்னப் பெண் குழந்தையின் முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

“மெத்தையில மூட்டைப்பூச்சி இருக்கு சார். இப்படியா வீடு வாடகைக்கு விடுவீங்க?” என்றார் குழந்தையின் அப்பா.

இரண்டு நாள் இருக்க வந்தவர்கள் அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். ‘மெத்தையில் பூச்சி’ என்று இணையத்திலும் எழுதினார்கள். சார் அவர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து, காரிலிருந்து இறங்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் என்ன கேட்டாரோ, எங்களிடம் சொல்லவில்லை.

விரிப்புகளைத் துவைக்க அள்ளியபோது என் முழங்கையில் அரித்தது. அந்த அரிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

ஆனால் நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்குள் சார் மெத்தைக் கடைக்காரருக்குப் போன் செய்து கத்த ஆரம்பித்திருந்தார். கடைக்காரர் தன் வண்டியில் நேரிலேயே வந்து, மெத்தைகளின் தையலை அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்த்தார்.

“ஒரு பூச்சியக் காட்டுங்க சார், நாலு மெத்தையையும் நான் திரும்ப எடுத்துக்கிறேன்.”

“எம் பேரு ஊரெல்லாம் நாறுது. பூச்சி உங்களுக்காக உக்காந்து காத்துக்கிட்டு இருக்குமா?”

“நீங்க மாதா கோயில்லயே வச்சு என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னீங்களாமே. நானும் அந்தக் கோயிலுக்குத்தான் வர்றேன் சார்” என்றார் கடைக்காரர். நான் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், சார் ஒரு மினி லாரியை வரவழைத்தார். மெத்தைகளைக் கொண்டுபோய், கடை வாசலில் நாலு பேர் பார்க்கப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நான்காவது மெத்தையை ஏற்றும்போது ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். கையை எடுக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை.

“விடு மலரு. ஏன் இழுக்குற?”

“சார், அது பூச்சி இல்ல.”

“என்னம்மா?”

“சுணை சார். நான்தான். களத்துல காயப்போட்டேன்.”

சார் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கி, முழங்கையை மெத்தையில் அழுத்தித் தேய்த்துவிட்டு, வெயிலில் அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் சொறிய ஆரம்பித்தார்.

“நெல்லுலயே உருண்டு வளந்தவன்டி நான். எனக்கே தெரியல பாரு” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கடைசியில் லாரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பிறகு அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் செய்தார். லாரிக்காரர், பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“தப்பு எங்க வீட்டுதுங்க. உங்க மெத்தையில ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயில்லயே எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்.”

‘எங்க வீட்டுது’ என்றார். என் பேரைச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான் சொன்னார் என்று ஸ்டெல்லா அம்மா பிறகு சொன்னார்.

ஆனால் அவருக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கூப்பிட்டார்.

“களத்துல போட்டது தெரியாம செஞ்சது. அது போகட்டும். மூணு நாள் நான் அந்த மனுசனைத் திட்டுறதைப் பாத்துக்கிட்டு இருந்தியே, அதுதான் எனக்கு ஆறல.”

நான் குனிந்தே நின்றேன்.

“நாளைக்குக் காலைல சீக்கிரம் வா. எல்லாத்தையும் மறுபடி துவைக்கணும். இனிமே ஏதாச்சும் தப்புன்னா என்கிட்ட வந்து சொல்லு. நீதான் எனக்குப் பின் சீட்டு.”

வீட்டுக்கு நடந்து போகையில் என் கால்களுக்கு எடையே இல்லாதது போலிருந்தது. மறுநாள் கடைக்காரர் புது மேலுறைகளோடு வந்து, தானே மாட்டித் தந்தார். நடந்ததை விளக்கி, மன்னிப்புக் கேட்டு, சார் சென்னைக் குடும்பத்துக்கு எழுதினார். அவர்கள் பதில் போடவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். யாரும் சொறியவில்லை. ஒருவர் மட்டும் வெந்நீர் ஹீட்டரைப் புகழ்ந்து எழுதியிருந்தார். சார் அதை ஸ்டெல்லா அம்மாவிடம் மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

சித்திரை பாதியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு முறைதான் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “மெத்தை எங்க காயுது?”

“மாடியில சார்.”

“பெயிண்ட் காஞ்சிருச்சா?”

“காஞ்சிருச்சு சார்.”

கண்ணை மூடிச் சிரித்தார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் சொல்லாமலே இருந்திருந்தால், அந்தக் கேள்விக்கு முன்னால் எப்படி நின்றிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் போன அன்று சாயங்காலமே அடக்கம். அதற்கு மெத்தைக் கடைக்காரர் வந்து, மண் போடும் வரை இருந்தார். கல்லறையிலிருந்து திரும்பும்போது சாரின் காரை ஓட்ட ஆள் இல்லை. “சாவியக் குடுங்கம்மா” என்று அவர்தான் வாங்கிக்கொண்டார். ஸ்டெல்லா அம்மா முன்னால் ஏறினார். நான் நடந்து வருகிறேன் என்று ஒதுங்கினேன்.

“பின்னாடி ஏறு மலரு” என்றார் ஸ்டெல்லா அம்மா.

முதல் முறையாக அதில் உட்கார்ந்தேன். சீட்டுக்கு நான் துவைத்துப் போட்ட வெள்ளை உறை. உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அரிக்கவில்லை. வாய்க்கால் கரையில் வீடு தெரிந்தபோது, காலையில் போட்ட விரிப்புகள் மாடியில் காய்ந்து அசைந்துகொண்டிருந்தன.

போய் வாருங்கள் சார். எல்லாம் சரியாக இருக்கிறது. பின் சீட்டிலிருந்துதான் சொல்கிறேன்.