பைக்குள்ளேயே கல்லான சீமெந்து

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: என் உம்மா, என் புருஷன் ஜவாத், அவருக்கு மூத்தவரான நானா கலீல் மச்சான், சிலாபம் பக்கத்திலிருந்து வந்த மேசன் சுனில் பாஸ், நான். குடிசைக்குள் சீலைத் தொட்டிலில் என் மூத்த மகள். அவளையும் சேர்த்து ஆறு பேர். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

மன்னாரிலிருந்து எழுப்பப்பட்டு, கடல்நீர் தேங்கும் களப்போரத்துக் கரைத்தீவுக்கு நாங்கள் வந்து நாலாவது வருஷம் அது. நிவாரணமாகப் பன்னிரண்டு பை சீமெந்து லொறியில் வந்து இறங்கியது. ஒரு பையின் மூலை கிழிந்து கொஞ்சம் கொட்டியிருந்தது... அள்ளிப் பார்த்தேன். இடியப்பத்துக்கு வறுத்து அரித்த மாவு போல அப்படியொரு மெதுமை. விரலிடுக்கால் புகை மாதிரி வழிந்து போனது. இதுவா சுவராகப் போகிறது என்று அதிசயமாக இருந்தது.

உம்மாவுக்குச் சுவர்தான் ஆசை. மன்னார் வீட்டில் அஸர் தொழுத பிறகு சுவரில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி இருந்து தஸ்பீஹ் மணி உருட்டுவார். இங்கே ஓலைத் தட்டி. நாம் சாய்ந்தால் அதுவும் கூடச் சாயும்.

"எனக்கு வீடு வேணாம் மருமகன். ஒரு சுவர் போதும், முதுகு சாய்க்க."

"முழு வீடும் கட்டித் தாறன் மாமி," என்று இவர் சிரித்தார். சுனில் பாஸ் நூல் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் கலீல் மச்சான் வந்தார். வந்ததும் நூலைக் காலால் தட்டிவிட்டார்.

"என்னடா ஜவாத் செய்யிறாய்? இங்க கல்லு வச்சா, இவங்க இங்கயே இருந்திட்டாங்க எண்டு எழுதிப் போடுவாங்க. மன்னார்க் காணி போச்சு! பெருநாளோட ஊருக்குப் போறம். பையை அப்படியே வை. அங்க கொண்டு போய்க் கட்டுவம்."

பெருநாளோடு ஊருக்கு... அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் அந்த நினைப்புத்தான். தென்னம்பிள்ளை நட மாட்டோம், காய்க்கும் வரைக்கும் இங்கேயா இருக்கப் போகிறோம் என்று. கீரைப் பாத்தியோடு சரி.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், இந்தக் களப்புக் காத்துல உப்பே தண்ணியாகுது. சீமெந்து நிக்குமா?"

"அடுப்படிக் கதையை அடுப்படியில வச்சிக்கொள். சீமெந்தென்ன, உன்ட சீனிப் போத்தலா?"

இவர் நானாவின் முகத்தைப் பார்த்தார். வாப்பா இல்லாத வீட்டில் தன்னை வளர்த்தெடுத்த நானா. பைகளைத் தூக்கிக் குடிசை மூலையில் அடுக்கினார். சுனில் பாஸ் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பெருநாள் வந்தது... போனது. பிறகு மாரி பிடித்தது.

அந்த மழைக்காலம் இப்போதும் எனக்குக் கனவு மாதிரித்தான் வருகிறது. களப்பின் மேல் வெள்ளை மூட்டம். குடிசைக்குள் ஒரு பொருளும் தன் குணத்தில் இல்லை. உப்புச் சட்டி நீர் விட்டது. சீனி கட்டிபட்டுக் கரண்டி இறங்கவில்லை. சவர்க்காரத்தைத் தொட்டால் விரல் பதிந்தது. ஓலைக் குட்டானுக்குள் பனங்கட்டி கசிந்து தேனாக வடிய, மகள் நக்கிக்கொண்டு இருப்பாள். மூலையில் பன்னிரண்டு பையும் ஒன்றன்மேல் ஒன்றாக... ஒரு சத்தமும் இல்லாமல்.

மழை விட்டதும் இவர் நானாவிடம் சொல்லாமல் பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் ஒரு பையை இரும்பு அலவாங்கால் குத்தினார். ணங் என்றது. கடதாசியை உரித்தார். பையின் மடிப்பு, தையல், சுருக்கம் எல்லாம் அப்படியே கல்லில் இருந்தது. தூங்கி எழும்பின தலையணை மாதிரி.

"அனே அம்மே, ஒக்கோம கல் வெலா," என்றார் பாஸ். எல்லாம் கல்லாகிவிட்டது. மற்றப் பைகளையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் குந்தியிருந்து அழுதேன். உம்மா எழும்பிப் போய் அந்த அடுக்கில் முதுகை வைத்துப் பார்த்தார். அசையவில்லை. காலை நீட்டினார்.

"இந்தா, சுவர் வந்திட்டுதே மகள். நல்ல குளிர்ச்சி."

மூன்று மாதம் அதில்தான் சாய்ந்திருந்தார். ஒரு நாள் அஸருக்குப் பிறகு, அதில் சாய்ந்தபடியே கண் மூடி மௌத்தானார்.

இப்போது எங்கள் வீட்டில் எத்தனை சுவர்! டைல்ஸ் பதித்து, பெயின்ட் அடித்து... பேரப்பிள்ளைகள் போனும் கையுமாக நினைத்த இடத்தில் சாய்கிறார்கள், சாய்வது சுவரில் என்று தெரியாமலே. பேத்தி பாடம் வாசித்தாள், திண்மத்துக்கு நிலையான வடிவம் உண்டு என்று. "ஓம், பையிட வடிவம்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

மன்னார்க் காணியும் இருக்கிறது, பற்றை மூடி. இங்கே சுவர் வைத்ததால் அது எங்கேயும் போய்விடவில்லை.

கலீல் மச்சான் இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறார். போகிறவர்கள் வீடு வீடாக வந்து மாப்புக் கேட்பது வழமைதானே. எங்கள் வீட்டுக்கும் வந்தார், தடி ஊன்றி, மூச்சு வாங்க.

"மச்சி, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கெல்லாம் மாப்புத் தாங்க."

"எதுக்கு மச்சான்?"

மச்சான் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "பொதுவாத்தான் மச்சி..."

தேத்தண்ணீர் கொடுத்தேன். தொதல் வெட்டி வைத்தேன். எல்லாருக்கும் துஆக் கேளுங்கள் என்று வாசல் வரை போய் அனுப்பினேன். மாப்பு மட்டும் கொடுக்கவில்லை.

எங்களை ஊரைவிட்டு எழுப்பியவர்களைக்கூட அல்லாஹ்விடம் பாரம் கொடுத்துவிட்டேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. மச்சானின் முகம் தெரியும், பெயர் தெரியும், வாப்பாவின் பெயரும் தெரியும்.

மீராசாஹிபு மகன் கலீல்.