கேஜ் அக்காவிடம் வந்த கொழுந்தன் வண்டி

கேஜ் அக்கா, எண்ணெய் அழுத்தம் காட்டும் தன் கேஜின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, அதன் ரப்பர் குழாயைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் பானெட் திறக்கும்.

"டாக்டரம்மா வந்தாச்சு" என்பார் முன்பக்கத்து டயர் கடைக்காரர். தினமும் இதையேதான் சொல்வார், அன்றைக்குத்தான் புதிதாகத் தோன்றியதுபோல.

"டாக்டருங்க காதுல விழப்போகுது. அவங்கல்லாம் படிச்சவங்க" என்று இவரும் தினமும் பதில் சொல்வார்.

கேஜ் அக்காவுக்கு நாற்பத்துமூன்று வயது. பஸ் பணிமனையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டிருக்கிறார். ஒரு கார்தான் நிற்கும். அடுத்த கார் உள்ளே வரவேண்டுமென்றால் முதல் கார் குணமாகி வெளியே போகவேண்டும். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டைதான் வேலை உடுப்பு. அதிலும் பையைப் பிரித்து எடுத்துவிடுவார். பை இருந்தால் அதில் எதையாவது வைப்போம், குனிந்தால் அது விழும், விழுந்தால் இன்ஜினுக்குள்தான் விழும் என்பது அவர் கண்ட பாடம்.

வேலை தொடங்குமுன் ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடுவார். அப்படி என்னதான் வேண்டிக்கொள்கிறார் என்று ஒருவர் கேட்டதற்கு, "என் கண்ண மறைக்காதே ஆண்டவனேன்னு கேட்டுக்குவேன். அது ஒண்ணு கெடச்சாப் போதும்" என்றார்.

எந்த வண்டி வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "கடைசியா எங்க கை வெச்சீங்க?"

யாருமே எங்கேயும் கை வைத்திருக்கமாட்டார்கள். "ஸ்டீயரிங்லதான்" என்று ஒருவர் சத்தியம் செய்தார். அவர் வண்டியிலிருந்து சமையலறைக் கரண்டி ஒன்று கிடைத்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில், கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட கார் ஒன்று ஷெட் வாசலில் நின்றது. ஓட்டுபவர் இருக்கையில் அக்காவின் கொழுந்தன். பக்கத்தில் மாமியார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்குவதாகவே இல்லை.

கொழுந்தன் வெல்டர். இரும்புக் கதவு செய்பவர். அவர் வைத்த பற்றில் ஊசிமுனை இடைவெளிகூட இருக்காது என்று பேர். வெல்டிங் மெஷினை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது காரின் இன்ஜின் சூடாகிறது, எண்ணெய் அதிகம் பிடித்தால் சூடு குறையும் என்று அவராகவே முடிவு கட்டினார். இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைக் கழற்றி, அடியை வெட்டி, நான்கு விரல்கடை ஆழம் கூட்டிப் பற்றவைத்து, தாமே மாட்டியும்விட்டார். எட்டு நாள் கார் ராஜா மாதிரி ஓடியது. ஒன்பதாம் நாள் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது.

பெரிய ஒர்க்‌ஷாப்காரர் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் தேஞ்சுபோச்சு, அதான் ஆயில் பிரஷர் நிக்கல. திங்கக்கெழம இன்ஜின எறக்கிடலாம்" என்று சொல்லிப் போனார். இன்ஜினை இறக்கினால் இரண்டு மாதம் கார் இல்லை. கார் இல்லையென்றால் மெஷின் நகராது, ஒத்துக்கொண்ட பள்ளிக்கூடத்துக் கதவும் கைவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் எட்டு வருடமாக அந்தக் கார் அண்ணியின் ஷெட்டுக்கு வந்ததே இல்லை. அங்கே போனால் அந்தக் கேள்வியைக் கேட்பார்களே!

"என் மருமக பாக்காம இந்த வண்டிய ஒருத்தனும் பிரிக்கக்கூடாது. அதுவரைக்கும் நான் எறங்கமாட்டேன்" என்றார் மாமியார்.

"கடைசியா எங்க கை வெச்சீங்க தம்பி?"

"எங்கயும் வைக்கல அண்ணி."

"ரெண்டு நாள் வண்டிக்கு அடியிலயே கெடந்தான்" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் மாமியார். "சாப்பாட்டுத் தட்டக்கூட அடியிலதான் தள்ளிவிட்டேன்."

அக்கா சிரிக்கவில்லை. அட்டையை விரித்து அடியில் படுத்தார். பற்றவைத்த இடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினார்.

"யாரு வெல்டிங்?"

"...நான்தான்."

"கோடு போட்ட மாதிரி இருக்கு தம்பி. பணிமனையிலகூட இப்படி ஒரு வேலைய நான் பாத்ததில்ல."

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. அக்கா இன்னொன்றையும் பார்த்திருந்தார். தொட்டியும் இன்ஜினும் சேருகிற விளிம்பில், எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கெட் பேஸ்ட் பிதுங்கி, அதை யாரோ பிளேடால் சுற்றிலும் சுத்தமாக நறுக்கியிருந்தார்கள். வெளியே இவ்வளவு பிதுங்கியிருந்தால் உள்ளே எவ்வளவு பிதுங்கியிருக்கும்? அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

இன்ஜினிலிருந்து ஆயில் லைட்டின் சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜைத் திருகினார்.

"ஸ்டார்ட் பண்ணவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு அண்ணி. இருக்கற பேரிங்கும் போயிடுமாம்."

"என் கையப் பாத்துக்கிட்டே இருங்க. கைய எறக்கினதும் சாவியத் திருப்பி அணைச்சிடுங்க. முள்ளு எறங்காத வரைக்கும் பயமில்ல."

கண்ணை மூடித் திறந்தார். இன்ஜின் உறுமியது. கேஜின் முள் நாலுக்கு ஏறி நின்றது. ஓடவிட்டார். ஏழாவது நிமிடம் முள் மூன்றுக்கு வந்தது. பிறகு இரண்டு. ஒன்றைத் தொடுமுன் கை இறங்கியது, இன்ஜின் அணைந்தது.

"போச்சு. அவர் சொன்னதுதான் சரி. முடிஞ்சுபோச்சு" என்றார் கொழுந்தன்.

"இந்த ஷெட்டுல அந்த வார்த்தையச் சொல்லக்கூடாது" என்றார் அக்கா. சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார்.

"என்னம்மா, உக்காந்துட்ட?"

"வண்டிக்கு ஓய்வு அத்தை."

பத்து நிமிடம் ஆயிற்று. இன்ஜினில் கை வைத்துப் பார்த்தார். இன்னும் சுட்டது. "இப்பப் போடுங்க."

முள் விறுவிறுவென்று ஏறி நாலுக்குச் சற்றுக் கீழே நின்றது. கொழுந்தன் கேஜையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தேஞ்ச பேரிங் பத்து நிமிஷத்துல வளந்துடுமா தம்பி? சூடு அப்படியேதான் இருக்கு, ஆனா பிரஷர் திரும்பிடுச்சு. எண்ணெய உறிஞ்சுற வாய்ல என்னமோ போய் ஒட்டிக்குது. இன்ஜின் நின்னா கழண்டு கீழ விழுது, ஓடுனா மறுபடி போய் அடைக்குது. அணைச்சிடுங்க."

எண்ணெயை வடித்துத் தொட்டியைக் கழற்றினார்கள். உறிஞ்சும் குழாயின் சல்லடை முகத்தில் சாம்பல் நிறத் துணுக்குகள், அழிரப்பரைக் கிள்ளிப் போட்டதுபோல. அக்கா பேரிங் மூடி ஒன்றையும் கழற்றி டார்ச் அடித்தார். பேரிங் தேயாமல் பளபளவென்று இருந்தது. "ஆண்டவனே" என்றார், அவ்வளவுதான்.

கொழுந்தன் துணுக்கு ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பற்றவைப்பில் கொஞ்சம் கூடப்போனால் பலம்தான். அந்தப் பழக்கத்தில், ஒழுகக்கூடாது என்று ஒரு ட்யூப் பேஸ்டையும் அப்பியிருந்தார்.

அதற்குள் மாமியார் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார். "என்ன ஆச்சு? எவன் செஞ்ச தப்பு?"

"உங்க பையன் செஞ்ச தொட்டி ஒரு சொட்டுகூட ஒழுகல அத்தை" என்றார் அக்கா. அது பொய்யும் இல்லை.

கொழுந்தன் விரலில் இருந்த துணுக்கை அம்மாவிடம் நீட்டினார். "பேஸ்ட்ட நான்தாம்மா அப்பினேன். முழு ட்யூப். வெளிய பிதுங்கினத நறுக்கிட்டேன், உள்ள பிதுங்கினது அறுந்து விழுந்து அடைச்சிருக்கு."

மாமியார் நெஞ்சில் கை வைத்தார். "அடேயப்பா! முப்பத்தெட்டு வருஷத்துல 'தப்பு என்னுதுதான்'னு இவன் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன். ஏம்மா, அந்தக் கேஜ இவனுக்கும் மாட்டுனியா என்ன?"

டயர் கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தனும் சிரித்துவிட்டார். போனை எடுத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிட்டார். "திங்கக்கெழம வரலங்க. இன்ஜின எறக்க வேண்டாம். எங்க அண்ணி பாத்துட்டாங்க. ஆமா, எங்க அண்ணிதான்." தேவைக்குமேல் சத்தமாகவே பேசினார். அக்கா காதில் விழாததுபோலச் சல்லடையைக் கழுவிக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, மேசையில் நிமிர்த்தி வைத்து, புதுப் பேஸ்டைத் திறந்தார். எறும்பு வரிசை கனத்துக்கு ஒரு கோடு. மூலையில் ஆரம்பித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வளைந்து, பாதி விளிம்புவரை வந்தார். அங்கே நிறுத்தினார். ட்யூபின் மூக்கைத் துணியால் துடைத்துத் திருப்பி, கொழுந்தனிடம் நீட்டினார்.

"ஐயோ, மறுபடியும் அவன் கைலயா!" என்றார் மாமியார்.

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை.