மூன்று அங்குலம்

மழை வந்தால் தெரு குளமாகிவிடும் என்று, ஸ்பிரிங்கில் கட்டை வைத்து ஜீப்பை மூன்று அங்குலம் தூக்கினேன். தண்ணீரை யோசித்த நான் மனைவியின் மூட்டுவலியை யோசிக்கவில்லை. ஏறிப் பார்த்து முடியாமல், "நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்" என்றாள்.

அதன்பின் கடலூரிலிருந்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் அவள் பஸ்ஸில் போனாள். நான் பின்னாலேயே காலி ஜீப்பில் போனேன். மடையன், ஜீப்பை இறக்கத் தோன்றவில்லை. அந்த வருஷம் தெருவில் தண்ணீரே நிற்கவில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் போனேன்.

"மழ வரப்போவுது மாமா, இப்ப போயி எறக்கச் சொல்றீங்களே?"

"எறக்குப்பா."

இறக்கி முடித்ததும் இடப்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். இந்த உயரம் என்றால் அவள் ஏறியிருப்பாள்.