வேங்கை விழுந்த இடம்

ஆரணி தறிக்காரர் வீட்டுப் பெண் சூர்யகலாவுக்கு முப்பத்து நான்கு வயதுவரை ஜவ்வாது மலை என்பது, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே தெரியும் நீலக் கோடுதான். தனியார் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தினாள். மரங்களைப் படத்திலும் காய்ந்த இலையிலும் அறிந்தவள், முனைவர் பட்டத்துக்குக் காட்டைக் கணக்கெடுக்க வேண்டி, சந்தவாசல் வழியாக முதன்முறை மலையேறினாள்.

வரைபடத்தில் புள்ளி வைத்த இடங்களில் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் மரம், செடி, கொடி அத்தனையும் எண்ணி எழுத வேண்டும். துணைக்கு வந்தவள் வனக்காவலர் பூங்காவனம். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது.

மூன்று வாரத்தில் இருபத்தாறு சதுரங்கள் முடிந்தன. எண்ண எண்ணச் சூர்யகலாவுக்கு மனசு கனத்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத வேங்கை மரங்கள் நின்றன. நிழல் மூடிய அடியில் ஒரு வேங்கைக் கன்றுகூட இல்லை.

"இந்தக் காடு இத்தோட முடிஞ்சிடுமா, பூங்காவனம்?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? நான் பொறந்ததுலருந்து இப்படித்தான் நின்னுகினு இருக்குது."

இருபத்தேழாவது புள்ளியில், முந்தைய ஆண்டுப் புயலில் சாய்ந்த கிழட்டு வேங்கை ஒன்று பள்ளத்தை அடைத்துக் கிடந்தது. முறிந்த இடத்தில் செந்நிறப் பிசின் ரத்தம்போல் உறைந்திருந்தது. மேலெல்லாம் கொடி.

"கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாம் மேடம். இதுல பூந்து எண்ணிகினு இருந்தா பொழுது பூடும். சாய்ங்காலம் மழ வேற வரும், ஜல்தி எறங்கணும்."

தள்ளிக் கட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சூர்யகலா ஒரு கணம் யோசித்தாள். "புள்ளி இங்கதாங்க விழுந்திருக்கு," என்று அடிமரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

மூன்று வாரத்தில் முதன்முறையாகப் பிடரியில் வெயில் பட்டது. நிமிர்ந்தால் வானம். கொடியை விலக்கினாள். ஒரு வேங்கைக் கன்று. பக்கத்தில் இன்னொன்று. அதை ஒட்டிக் கடுக்காய், ஈட்டி, வெக்காலிக் கன்றுகள். விரற்கடை உயரத்தில், முழ உயரத்தில், பள்ளம் முழுக்கப் பச்சை. நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

அவசரப்படுத்திய பூங்காவனம் பூட்ஸைக் கழற்றி மரத்தின்மேல் வைத்தாள். "கால வைக்க எடமில்ல மேடம்," என்று கிசுகிசுத்தாள்.

அந்த ஒரு சதுரத்துக்கு மூன்று நாள் ஆனது. அறுநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள். "தப்பா எண்ணிட்டீங்களா?" என்று போனில் கேட்ட ஆய்வு வழிகாட்டி, மறுவாரம் தானே ஏறி வந்து, முழங்கால் போட்டுப் பார்த்துவிட்டு, வெகுநேரம் எழவேயில்லை.

பட்டம் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புரட்டாசியில் சூர்யகலா அங்கே போகிறாள். ஐந்தாம் ஆண்டில் முப்பத்தெட்டுக் கன்றுகளே மிஞ்சியிருந்தன. அதில் ஒரு வேங்கை அவள் தலையைத் தாண்டிவிட்டது.

"இது பெரிய மரமாவ எத்தினி வருஷம் ஆவும் மேடம்?" டேப்பைப் பிடித்தபடி பூங்காவனம் கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் பாக்க மாட்டோங்க."

பூங்காவனம் சிரித்தாள். "சரி, எழுதிக்கோங்க. ஒசரம் நூத்தி எழுவத்தொண்ணு சென்டி."