ஆசீர்வாதம் மாமாவுக்குப் பக்கத்து இடம்

வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் அதில் கரிவண்டி கக்கும் கரித்தூள் மிளகுப்பொடி தூவியதுபோல ஒட்டிக்கொள்ளும். தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுக்கும், வாயால் ஊதித்தான் எடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே 'குவாட்டர்ஸில்' வளர்ந்த எனக்குச் சனிக்கிழமை வேலையே அதுதான். அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டைப் பாயில் விரித்து, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாக ஊதுவோம். அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். அவர் கோட்டில் ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அப்பாவுக்குத் தலைக்கனம் அதிகம். பெற்ற மகள் நான் சொல்லலாம். திருவிருந்து நாட்களில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதியருகே ஆட்கள் 'பந்தி பந்தியாக' மண்டியிடுவார்கள், ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம் வாய்க்கு வாய் போகும், முதல் பந்தியில் முதல் ஆள் எப்போதும் அப்பாதான். ஒருமுறை கள் வாடையோடு பக்கத்தில் வந்து மண்டியிட்ட ஒருவரின் தோளைத் தொட்டு, "எந்திரிச்சுப் போப்பா. தகுதியோட வா" என்று எழுப்பிவிட்டார். அந்த மனிதர் அப்புறம் கோயில் பக்கமே வரவில்லை. அப்பா சரியாகத்தான் செய்தார் என்று ஊரே பேசியது, நானும் பெருமைப்பட்டேன்.

ஆசீர்வாதம் மாமா அப்பாவின் உயிர்த்தோழர், எனக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தியவர் அவர்தான் என்பதால் மற்றப் பிள்ளைகளைவிட எனக்கு ஒரு மிட்டாய் கூடுதலாகவே கிடைக்கும். ரயில் முற்றத்தில் இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. மாமா நெம்புகோலை இழுத்துத் தண்டவாளத்தை மாற்றிவிட்டு "மாத்தியாச்சு!" என்று குரல் கொடுப்பார், அப்பா பச்சைக் கொடி காட்டுவார், பெட்டிகள் நகரும். கொடி காட்டுகிறவர் தண்டவாளத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்பது சட்டம். அப்பா பார்ப்பதில்லை. "ஆசீர்வாதம் சொன்னா நான் பாத்த மாதிரி" என்பார்.

ஒரு மழை நாளில் குரல் வந்தது, கொடி ஆடியது, ஆனால் தண்டவாளம் மாறியிருக்கவில்லை. அரிசி மூட்டை ஏற்றிய பெட்டிகள் நின்றிருந்த பெட்டிகளின் மேல் மோதிக் கவிழ்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை. வெள்ளைக்காரத் துரை விசாரித்தபோது மாமா தலையைக் குனிந்துகொண்டு, "நான் கொரலே குடுக்கல துரை. அவரா கொடி காட்டிட்டாரு" என்று சொன்னாராம். அப்பா மறுபேச்சுப் பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்பாவுக்கு வேலை போனது. வேலையோடு வீடும் போனது.

கிள்ளானில் ஒரு ரப்பர்க் கிடங்கில் காவல்காரராக, 'ஜாகா'வாக அப்பா சேர்ந்தார். தகரக் கூரை போட்ட ஓர் அறையில் எங்கள் குடித்தனம். அப்பா வேலைக்குப் போவார், வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வேதப்புத்தகத்தைத் தொடவில்லை. அம்மா கூப்பிட்டால், "கொடி காட்டத் தெரியாதவனுக்கு என்ன கோயில் வேண்டிக்கெடக்கு?" என்பார். அந்தக் குரலில் உயிரே இருக்காது. எனக்குப் பயமாக இருக்கும். மாமாவை நினைத்து அம்மா வாய்விட்டுச் சபிப்பாள், நான் மனசுக்குள் சபிப்பேன்.

மறு வருஷம் ஒரு நாள், நாங்கள் 'ஐயர்' என்று கூப்பிடும் போதகர் ரயிலேறி வந்தார். திருவிருந்துக்கு முந்தின ஆயத்த ஆராதனையில் ஆசீர்வாதம் மாமா எழுந்து நின்று, பொய் சொன்னது நான்தான் என்று சபைக்கு முன்னால் அழுதாராம். ஒருவரோடு ஒருவருக்குக் கசப்பு இருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் மற்றவருக்குத் திருவிருந்து இல்லை. எங்கள் சபையின் வழக்கம் அது. அப்பாவின் சம்மதம் கேட்கத்தான் ஐயர் வந்திருந்தார்.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "தொரைகிட்டப் போய்ச் சொன்னானா ஐயரே?"

ஐயர் தரையைப் பார்த்தார். "இல்லம்மா. சொன்னா வேலையும் குவாட்டர்ஸும் போயிடும்னு பயப்படறார். அஞ்சு புள்ளைங்க."

"எனக்கு மட்டும் புள்ள இல்லையா?" என்று அம்மா கத்திய சத்தம் கிடங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

 அப்பா ஐயரை விரட்டிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்காகவே பழைய தலைக்கனம் திரும்பி வரட்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் சொன்னது வேறு. "அன்னைக்கு ஒருத்தன எந்திரிச்சுப் போன்னு சொன்னேனே ஐயரே, அவன் மொகம்தான் இந்தச் செவுத்துல தெரியுது. தகுதி பாத்துக் குடுக்கறதுன்னா எனக்கும் கெடையாது. ஆசீர்வாதம் வரட்டும். நானும் வரேன்."

அடுத்த ஞாயிறு காலை ரயிலில் போனோம். மாமா கடைசிப் பந்தியில் ஓரமாக மண்டியிட்டிருந்தார். அப்பா நேரே போய் அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மாமா குடித்ததும் கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்க ஐயர் துணியை எடுத்தார். அப்பா அந்தத் துணியைக் கையால் தடுத்துவிட்டு, மாமாவின் வாய் பட்ட இடத்திலேயே குடித்தார். மாமாவின் தோள் குலுங்கியது. அப்பாவின் முகத்தில் ஒரு வருஷமாக நான் காணாத தெளிவு இருந்தது.

பெண்கள் பக்கம் விரித்திருந்த பாயைவிட்டு அம்மா எழவில்லை. "அவரு மன்னிச்சுட்டாரு. என் வீடு திரும்பி வருமா?" என்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. துரையிடம் மாமா கடைசிவரை சொல்லவில்லை. அப்பா கிள்ளானிலேயே 'ஜாகா'வாக இருந்து செத்தார். பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர் ஆசீர்வாதம் மாமா.

இன்று அந்தக் குவாட்டர்ஸ் இல்லை, கரிவண்டி இல்லை, வாய்க்கு வாய் போகும் கிண்ணமும் இல்லை. ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் குவளை கொடுக்கிறார்கள். பொய் சொன்னவர், மன்னித்தவர், எழ மறுத்தவள், மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாமா எங்களுக்குச் செய்தது துரோகம். அதைவிட, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. கிருபை என்றால் அதுதான் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன், எனக்கு ஆறவில்லை. ஆறாத மனசோடுதான் ஒவ்வொரு முறையும் போய் மண்டியிடுகிறேன். எனக்கும் கொடுக்கிறார்கள்.